பழைய மாதிரிகளின் புதிய கடிகாரம்

எஸ்ஜிஎஸ் நிறுவனம் 1984-ல் ஆங் மோ கியோவில் வேஃபர் ஆலையைத் திறந்தபோது சிங்கப்பூருக்கு அந்தத் தொழிலே புதிது. அதற்குமுன் இங்கே சில்லுகளைப் பொருத்தினார்கள், சோதித்தார்கள். 1969 முதல் தோ பாயோவில் அதே நிறுவனம் செய்துவந்ததும் அந்த வேலையைத்தான். வேஃபர் என்னும் சிலிக்கான் தகட்டின்மேல் சுற்றுகளை உருவாக்குவது வேறு வித்தை. 1973-ல் எழத் தொடங்கிய ஆங் மோ கியோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நகரம் அப்போது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. எம்ஆர்டி ரயில் அங்கே வந்தது 1987 நவம்பரில்.

கார் ஆலையில் வண்டி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வரும். வேஃபர் அப்படிப் போவதில்லை. படலம் பூசுவார்கள், ஒளியால் அச்சிடுவார்கள், அரிப்பார்கள், மறுபடி படலம் பூசுவார்கள். ஒரே இயந்திரத்தின் முன்னால் அது திரும்பத் திரும்ப வந்து வரிசையில் நிற்கும். நூற்றுக்கணக்கான படிகள், வாரக்கணக்கில் பயணம். 25 வேஃபர் கொண்ட ஒரு லாட் எந்த இயந்திரத்தின் முன் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது தாளில் கணக்குப் போட்டால் பிடிபடாது. ஆலையைக் கணினிக்குள் கட்டி ஓடவிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். சிமுலேஷன் இந்தத் தொழிலில் இவ்வளவு வேரூன்றியதற்குக் காரணம் இதுவே.

பழைய சிமுலேஷன் மாதிரி தனி ஆளின் படைப்பு என்றே சொல்லலாம். ஒரு பொறியாளர் தளத்தில் நடந்து, நேரம் அளந்து, ஷிப்ட் முடிந்து கிளம்பும் டெக்னீஷியனை நிறுத்தி விசாரித்து, ஆட்டோஷெட் ஏபி போன்ற மென்பொருளில் அதைக் கட்டுவார். ஓர் இயந்திரம் பழுதானால் லாட்டுகள் எங்கே திருப்பப்படும், அவசர லாட் வந்தால் யார் வழிவிடுவது, எந்த இரண்டு வேலைகளை அடுத்தடுத்துக் கொடுத்தால் இயந்திரத்தைத் தயார்செய்யும் நேரம் மிச்சமாகும் என்பதெல்லாம் அதில் விதிகளாக ஏறும். எந்தக் கையேட்டிலும் இல்லாத தள அறிவு இது. அந்த மாதிரி ஒரே கணினியில் ஓடும். பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு ஆலை இருப்பது அதற்குத் தெரியாது.

ஒன்றுக்கொன்று அருகில் ஆலைகள் பெருகியபோது கேள்வி மாறியது. இங்கே ஓர் இயந்திரத்தின் முன் வரிசை நீள்கிறது, அங்கே அதே வகை இயந்திரம் சும்மா நிற்கிறது. லாட்டைப் பாதி வழியில் அங்கே அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்பப் பெற்றால் என்ன? ஆய்வாளர்கள் இதை எல்லையற்ற ஆலை என்றார்கள். விடை காண இரண்டு ஆலைகளின் மாதிரிகளும் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டையும் கலைத்து ஒரே பெரிய மாதிரியாக எழுதலாம். அதற்கு மாதங்கள் ஆகும், பழைய விதிகளில் பாதி வழியில் உதிரும். இரண்டும் வேறு வேறு நிறுவனங்களின் ஆலைகள் என்றால் பேச்சே இல்லை. தன் கொள்ளளவையும் வாடிக்கையாளர் முன்னுரிமையையும் யார் மற்றவரிடம் கொடுப்பார்?

வழி போர்ப் பயிற்சித் துறையிலிருந்து வந்தது. தனித்தனியாக எழுதப்பட்ட பயிற்சி மாதிரிகளை வலைப்பின்னல் வழியே சேர்த்து ஓட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய எச்எல்ஏ என்ற கட்டமைப்பு, 2000-ல் ஐஇஇஇ 1516 என்ற தரநிலையானது. அதைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றதாக்க முயன்றவர்களில் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மெக்லீனும் ஃபிராங்க் ரிடிக்கும் முக்கியமானவர்கள். பழைய மாதிரிக்கும் எச்எல்ஏவுக்கும் நடுவில் ஓர் அடாப்டரை வைப்பது அவர்கள் வழி. மாதிரியை எழுதியவர் எச்எல்ஏவின் நுணுக்கங்களைக் கற்க வேண்டியதில்லை. அடாப்டரோடு பேசினால் போதும்.

சிங்கப்பூர் அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1985-ல் தொடங்கிய கின்டிக் ஆய்வு நிலையமும் (2002-ல் சிம்டெக் ஆனது), நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதில் ஆழமாக இறங்கின. பூன் பிங் கான், பீட்டர் லெண்டர்மன், ஸ்டீபன் டர்னர், வென்டோங் சாய் ஆகியோர் பெயர்களை அக்கால ஆய்வுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆட்டோஷெட் ஏபி மாதிரிகளையே எச்எல்ஏ வழியாக இணைத்து எல்லையற்ற ஆலையைச் சோதித்தவர்கள் இவர்கள். உலக அளவில் பேசப்பட வேண்டிய இந்த உழைப்பு உள்ளூரில் இவ்வளவு குறைவாக அறியப்பட்டிருப்பது எனக்கு வருத்தம்.

இணைப்பின் உயிர்நாடி நேரம். சிமுலேஷனுக்குள் கடிகாரம் சீராக ஓடுவதில்லை. ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவும். ஒரு மாதிரி செவ்வாய்க் காலையில் இருக்கும்போது மற்றது வியாழனுக்குப் போயிருக்கலாம். செவ்வாயன்று அனுப்பப்பட்ட லாட், ஏற்கெனவே வியாழனை எட்டிவிட்ட ஆலையில் எப்படி நுழையும்? நடந்து முடிந்ததைத் திருத்த வேண்டிவரும். இதற்குத் தீர்வு கண்டவர்களுள் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த மணி சாண்டி. அவரும் ஜயதேவ் மிஸ்ராவும் 1979-ல் வெளியிட்ட முறையின் சாரம் இது: இந்த நேரத்துக்குமுன் உனக்கு என்னிடமிருந்து எதுவும் வராது என்று ஒவ்வொரு மாதிரியும் மற்றதற்கு வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு எட்டும் தூரம் வரைதான் மற்றது முன்னேறலாம். லாட்டை எடுத்துச்செல்ல அரை மணி நேரம் ஆகும் என்றால், அடுத்த அரை மணி நேரத்துக்கு வாக்குக் கொடுக்கலாம். இரண்டு ஆலைகளும் ஒட்டியிருந்து பயணம் சில நிமிடங்களே என்றால் வாக்கும் சுருங்கும். இரண்டும் அடிக்கொரு தடவை நின்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே நகர வேண்டும், ஓட்டம் மந்தமாகும். ஆலைகள் நெருங்க நெருங்க அவற்றின் மாதிரிகளைச் சேர்த்து ஓட்டுவது கடினமாகிறது என்பது இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த உண்மை.

விலைக்கு வாங்கிய மென்பொருளின் உள்ளே கைவைக்கவும் முடியாது. அதனால் மற்ற மாதிரியின் வாக்கு எட்டும் நேரத்தில் ஒரு போலி நிகழ்வைச் செருகுவார்கள். மாதிரி அங்கே வந்து நிற்கும்; அடுத்த வாக்கு வந்ததும் நகரும்.

நேரம் சரியானாலும் பொருள் பிசகலாம். ஒரு மாதிரி லாட்டை எண்ணும், இன்னொன்று வேஃபரை எண்ணும். ஒன்றில் ‘பழுது’ என்பதில் பராமரிப்பும் சேரும், மற்றதில் சேராது. சிமுலேஷன் தரநிலைகளுக்கான சிசோ அமைப்பு 2010-ல் வெளியிட்ட தரநிலை, லாட் போன்றவை ஒரு மாதிரியிலிருந்து மற்றதற்கு மாறும் விதங்களை வகைப்படுத்தியது. ஆனால் இந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதை ஆட்கள் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இன்று எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் இயங்கும் அந்த எஸ்ஜிஎஸ் நிறுவனத்தின் ஆங் மோ கியோ வளாகம், 1984-ல் இருந்ததைவிடப் பன்மடங்கு சிக்கலானது. ஏ*ஸ்டார் ஆய்வு அமைப்பின் நுண்மின்னணுவியல் கழகத்தோடும் ஜப்பானின் உல்வாக் நிறுவனத்தோடும் சேர்ந்து ஆலைக்குள்ளேயே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைப்பதாக நிறுவனம் 2020-ல் அறிவித்தது. 36,000 குளிர்பதன டன் வரை திறன் கொண்ட குளிரூட்டும் அமைப்புக்காக 2022-ல் எஸ்பி குழுமத்தோடு கைகோத்தது. குளிர்நீரின் மாதிரி ஒருவரிடம், லாட்டுகளின் மாதிரி இன்னொருவரிடம் என்று இருக்கும் எந்த ஆலையிலும், உள்ளே இருப்பதைக் காட்டாமல் சேர்ந்து ஓடும் அந்தப் பழைய தேவை மறுபடி தலைதூக்கும்.

இன்றைய பேச்செல்லாம் மின்னிலக்க இரட்டை (டிஜிட்டல் ட்வின்) பற்றியது. ஆலையின் தரவு நேரடியாக உள்ளே பாய்கிறது; நேரம் அளந்து நடக்கத் தேவையில்லை. நல்ல முன்னேற்றம். ஆனால் இரட்டை வந்ததும் பழைய மாதிரியைக் குப்பையில் போடும் அவசரத்தை நான் ஏற்கவில்லை. எத்தனை நிமிடம் ஆனது என்பதைத் தரவு சொல்லும். ஏன் அந்த லாட்டை முன்னே விட்டார்கள் என்பது பழைய மாதிரியின் விதிகளுக்குள் இருக்கிறது. விதியை எழுதியவர் ஓய்வு பெற்றபின் அதைக் கேட்டறிய ஆள் இருக்காது.

ஆங் மோ கியோ அவென்யூ 8-ல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. மாணவர்களை உண்மையான தொழிற்சாலைத் திட்டங்களில் ஈடுபடுத்தும் கற்பித்தல் முறைக்குப் பெயர் பெற்றது. அங்கே புதிய மாதிரி கட்டக் கற்றுக்கொடுப்பதோடு ஒரு பயிற்சியையும் சேர்க்கலாம்: யாரோ எப்போதோ எழுதிய மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் அனுமானங்களை எழுத்தில் கொண்டுவரச் சொல்லி, பிரிக்காமலேயே இன்னொன்றோடு இணைத்து ஓட்டச் செய்வது. எழுதியவர் இன்னும் வேலையில் இருந்தால் அவரையும் வகுப்புக்கு அழைக்கலாம்.