பெட்டிக்குள் ஒரு கள்ளறை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. பல்லவ ராஜா கோபித்துக் கொண்டு கணிகண்ணனை ஊரை விட்டே போகச் சொல்லி விட்டான். சிஷ்யன் இல்லாத ஊரில் தமக்கு என்ன வேலை என்று திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். போகிற போக்கில் திருவெஃகாவில் பள்ளி கொண்டிருந்த பெருமாளையும் கூப்பிட்டார். அவரும் மறுபேச்சில்லாமல் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு பின்னாலேயே நடந்து விட்டார்! மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று. ராஜா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ள, எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

பெருமாளுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! படுக்கையைச் சுருட்டினால் குடித்தனமே கிளம்பி விடுகிறது. நம் சமாசாரம் அப்படியா? ஒரே ஒரு ராத்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு கலியாணத்துக்குப் போவதென்றால்கூட, வண்டி ஏறும் வரையில் ஒரே கவலைதான். வளையலை எங்கே வைப்பது? வீட்டுப் பத்திரத்தை எங்கே வைப்பது? அரிசிப் பானையிலா, பழம்புடவை மடிப்பிலா? திருடனும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தானே? அரிசிப் பானை அவனுக்கும் தெரியும்.

இந்தக் கவலைக்கு அந்தக் காலத்துத் தச்சர்கள் ஒரு மருந்து வைத்திருந்தார்கள். பெட்டிக்குள்ளேயே, பார்த்தால் தெரியாதபடி இன்னொரு சின்ன அறை. அதற்குக் கள்ளறை என்று பெயர். கள்ளனுக்காக ஏற்பட்ட அறை அல்ல. கள்ளனையே ஏமாற்ற ஏற்பட்ட அறை.

ஒளித்து வைப்பதில் கைதேர்ந்த ஊர்

ஒளித்து வைக்கும் வித்தையைக் காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஔரங்கசீப்பின் சைனியங்கள் தெற்கே வந்தபோது, 1688-ஆம் ஆண்டு வாக்கில், வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை ரகசியமாக எடுத்துப் போய் உடையார்பாளையத்துக் காட்டுப் பக்கம் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆபத்து நீங்கிய பிறகு, ஆத்தான் ஜீயரும் லாலா தோடர்மாலும் எடுத்துக்கொண்ட முயற்சியால் 1710-இல் பெருமாள் திரும்பி வந்தார். அந்தச் செய்தியைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது.

அதே கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், தண்ணீருக்கு அடியில், அத்தி மரத்தாலான அத்தி வரதர் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 1979-இல் வந்தார், 2019-இல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 48 நாள் வைபவம் நடந்தது. இனி 2059-இல்தான். ஒரு மனுஷ ஆயுளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ காணக் கிடைக்கிற தரிசனம். ஆனாலும் கணக்கு மறந்து போகவில்லை. தாய் மகளுக்குச் சொல்லி, மகள் தன் மகளுக்குச் சொல்லி, அந்த நாற்பது வருஷக் கணக்கு உயிரோடு இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்று பக்கத்திலேயே, உத்திரமேரூரில் நடந்தது. 2020 டிசம்பரில் அங்கே குழம்பேஸ்வரர் கோயிலைத் திருப்பணிக்காகப் பிரித்தபோது, கருவறைக்கு முன்னால் இருந்த கற்படிக்கு அடியிலிருந்து தங்க ஆபரணங்கள் வெளிப்பட்டன. எடை 565 கிராம். எழுபது பவுனுக்கு மேல்! கோயில் நகை கோயிலுக்கே சேர வேண்டும் என்று ஊரார் வாதாடி, கடைசியில் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். படிக்கு அடியில் அதை வைத்த புண்ணியவான் கெட்டிக்காரர்தான். எத்தனை பேர் அந்தப் படியை மிதித்துக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள்! ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அது தெரியாமல் போயிற்று.

குளத்துக்கு அடியில் இருந்தவரை ஊர் மறக்கவில்லை. படிக்கு அடியில் இருந்ததை ஊர் மறந்து விட்டது. கள்ளறை வைக்க ஆசைப்படுகிற ஒவ்வொரு குடும்ப ஸ்திரீயும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் இது.

சிறுவாட்டின் வீடு

நம் பெண்களுக்குக் கள்ளறை ஏன் வேண்டியிருந்தது? நகையைத் திருடனிடமிருந்து காப்பாற்ற மட்டும் அல்ல. காய்கறிக்காரியிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த நாலணா, மோர் விற்ற காசு, பிறந்த வீட்டில் அண்ணா கையில் திணித்த ரூபாய் என்று சேர்ந்ததற்குச் சிறுவாடு என்று பெயர். வீட்டு வரவு செலவில் அது ஏறாது. ஆனால் குழந்தைக்கு ராத்திரியில் ஜுரம் என்றாலும், பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியவில்லை என்றாலும், அந்தப் பணந்தான் முதலில் வெளியே வரும்.

சீதனம் பெண்ணுடையது என்று பேருக்குச் சொன்னாலும், கை மாற்றுக்கு என்று வாங்கிப் போன அட்டிகை திரும்பாத வீடுகள் எத்தனையோ. சட்டமும் வெகு காலம் பெண் பக்கம் முழுதாக இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான், ஒரு பெண்ணின் கையில் இருக்கும் சொத்து பூரணமாக அவளுடையதே என்று ஆயிற்று. அதுவரையில் அவளுக்குப் பூரண பாத்தியதை இருந்த இடம் பெட்டியின் அடியில் நாலு விரல்கடை ஆழந்தான் என்று சொன்னால் மிகையாகாது.

எங்கே ஒளிந்திருக்கும்?

கள்ளறையின் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: பெட்டியின் வெளி அளவும் உள் அளவும் வேறு வேறு, ஆனால் நம் கண் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்ப்பதில்லை. வெளியே இரண்டடி உயரம் இருக்கும் பெட்டியைத் திறந்து உள்ளே குனியும்போது, ஆழம் இரண்டு அங்குலம் குறைந்திருப்பது யாருக்குத் தெரியும்?

வழக்கமாக மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, அடிப்பலகைக்கு மேல் இன்னொரு பொய்யடி. இரண்டாவது, பெட்டிக்குள் ஒரு ஓரமாகச் சில்லறைச் சாமான் வைக்கச் சின்னத் தட்டு இருக்குமல்லவா, அதற்குப் பின்னாலோ அடியிலோ. மூன்றாவது, பெட்டி உட்கார்ந்திருக்கும் பீடம். வெறும் அலங்காரச் சட்டம் போலத் தெரியும். இழுத்தால் இழுப்பறையாக வரும்.

உலகத்தில் இந்த வித்தையின் சிகரம் என்று ஜப்பானியக் கப்பல் பெட்டிகளைச் சொல்லலாம். எடோ காலத்திலும் அதற்குப் பின் மெய்ஜி காலத்திலும், கடலோரமாகப் போய் வியாபாரம் செய்த கப்பல்காரர்கள் பணத்தையும் முத்திரையையும் கணக்கையும் இவற்றில்தான் வைத்தார்கள். வெளியே கெட்டியான மரமும் இரும்புப் பட்டையும். உள்ளே இலேசான பவுலோனியா மரம். ஓர் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து, பின் பலகையை நகர்த்தினால், உள்ளே ஒரு பெட்டி, அதற்குள்ளும் ஒன்று. நம் வீட்டுப் பெட்டிக்கு இவ்வளவு இந்திரஜாலம் வேண்டாம். பொய்யடி ஒன்றே போதும்.

செய்வது எப்படி?

முதல் விதி: பழைய பெட்டியின் சொந்தப் பலகை எதையும் அறுக்காதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். பாட்டி காலத்துத் தேக்கோ பலாவோ இனிமேல் கிடைக்காது. வேண்டாம் என்றால் அப்படியே தூக்கி எடுத்து விடும்படி இருப்பதுதான் நல்ல வேலை.

பெட்டிக்குள் அடியில், சுவரை ஒட்டி, ஒன்றரை அங்குல உயரத்துக்கு மூன்று பக்கமும் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று இறுக்கமாக முட்டி நிற்கும்படி அறுத்து வைத்தால் ஆணியே வேண்டாம். நாலாவது பக்கத்துச் சட்டத்தை மட்டும் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். நீளவாட்டுச் சட்டம் இரண்டும் அந்த இடத்தோடு நின்று விட வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. இவற்றின் மேல் ஒரே பலகையைப் படுக்க வைத்தால் கள்ளறை தயார். திறப்பது எப்படி என்கிறீர்களா? சட்டம் தள்ளி நிற்கும் அந்த ஓரத்தை விரலால் அமுக்குங்கள். குழந்தைகள் ஏறி ஆடும் ஏற்றப் பலகையைப் போல, எதிர் ஓரம் தானே மேலே எழும்பும். கைப்பிடி இல்லை, துவாரம் இல்லை, நாடா இல்லை. பார்க்கிறவனுக்குத் துப்புக் கொடுக்க ஒன்றும் இல்லை.

ஆனால் மரத்துக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது அகலவாட்டில் உப்பும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. இதை மறந்து பலகையை இறுக்கமாகப் போட்டு விட்டால், தீபாவளிக்கு நகை எடுக்கப் போகிறபோது கள்ளறை உங்களுக்கே திறக்காது! ஆகையால் அகலவாட்டில் இரண்டு பக்கமும் ஒரு நூல் இடம் விடச் சொல்லுங்கள். தச்சரின் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒட்டுப் பலகை என்றால் இவ்வளவு உப்பாது. இடைவெளி இன்னும் குறைவாக இருக்கலாம்.

புதுப் பலகை பளிச்சென்று காட்டிக் கொடுத்து விடும். உடைந்து போன பழைய அலமாரிப் பலகை கிடைத்தால் உத்தமம். வார்னிஷ் பூசினால் வாசனை போகும் வரை பல நாள் திறந்து வையுங்கள். புடவைக்கும் அது ஆகாது. கடைசியாக, சத்தம். அடியில் தட்டினால் 'டொம்' என்று கேட்டால் எல்லாம் வீண். வைக்கிற சாமானைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மிச்ச இடத்தையும் துணியால் அடைத்து விட்டால் கலகலக்கவும் செய்யாது, டொம்மென்றும் கேட்காது. மேலே பட்டுப் புடவைகளை அடுக்குங்கள். ஜரிகைக்குப் பக்கத்தில் அந்துருண்டை வேண்டாம்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது அவசியம். மனுஷத் திருடனுக்குத் தெரியாத இடம் கரையானுக்கு நன்றாகத் தெரியும். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள். மரப்பெட்டி நெருப்புக்கு நிற்காது. பெட்டியையே தூக்கிப் போகிறவனுக்கும் ஈடு கொடுக்காது. ஆகையால் முக்கியமான நகைகள் வங்கி லாக்கரில் இருக்கட்டும். கள்ளறையில் அவசரத்துக்கு வேண்டியது மட்டும் போதும்.

யாருக்குச் சொல்வது?

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் இனிமேல் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலையில் தேசம் முழுவதும் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் தலையணை உறையிலிருந்தும் சிறுவாடு வெளியே வந்தது. வருஷக் கணக்காகக் காத்த ரகசியத்தை ஒரே நாளில் வெளியிட வேண்டி வந்தது. குடும்பத் தலைவிகள் இரண்டரை லட்சம் வரையில் வங்கியில் கட்டினால் கேள்வி இல்லை என்று அரசாங்கமே சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

வெளியே வந்த பணம் பிழைத்தது. வராத பணம்? திருப்பூர் மாவட்டத்தில் எழுபது வயது தாண்டிய சகோதரிகள் இருவர், தங்கள் வைத்தியத்துக்கும் கடைசிக் காரியத்துக்கும் என்று 46,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். 2019-இல் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று பணத்தை எடுத்தபோதுதான், அத்தனையும் செல்லாத நோட்டு என்று தெரிந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள்!

இன்னொரு விதத்திலும் நஷ்டம் வருவதுண்டு. பாட்டி காலமாகிறாள். கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெட்டியை யாரோ பழைய சாமான்காரனுக்கு விலை பேசி விடுகிறார்கள். அது கைமாறிக் கைமாறிக் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்கோ அதற்கும் அப்பாலோ போய் விடுகிறது. பொய்யடியோடும், அதற்கு அடியில் இருப்பதோடும்!

ஆகவே, சகோதரிகளே, கள்ளறை செய்கிற அன்றைக்கே இன்னொருவரைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். ஒரே ஒருவர் போதும். மகளோ, மருமகளோ, கூடப் பிறந்தவளோ, கணவரோ, உங்கள் மனம் யாரை நம்புகிறதோ அவர். வாயால் சொன்னால் மட்டும் போதாது. அவர் கையாலேயே ஓரத்தை அமுக்கித் திறந்து மூடச் சொல்லுங்கள், கை மறக்காது. வருஷத்துக்கு ஒரு நாளை வைத்துக்கொண்டு, இருவருமாகத் திறந்து துடைத்து வையுங்கள். வங்கி லாக்கர் இருந்தால் அதற்கும் நியமனதாரர் பெயரைக் கொடுத்து விடுங்கள்.

உங்கள் வீட்டிலேயே பழைய பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறதா? போகிக்கு அதைக் கழித்துக் கட்டுவதற்கு முன்னால், அடிக்கோலை எடுத்து வெளி உயரத்தையும் உள் ஆழத்தையும் அளந்து பாருங்கள். பலகைக் கனத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஓரங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். ஒன்றும் இல்லாமற் போனாலும் பாதகமில்லை, பெட்டியாவது சுத்தமாகும்!