மண்ணெண்ணெய்ச் சிறு இரவு விளக்கு
அமெரிக்கா, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பால்நிறக் கண்ணாடி, பித்தளை.

1859-இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டதன் பயனாக மண்ணெண்ணெய் சாமானியக் குடும்பங்களுக்கும் கிட்டிய காலத்தில், குழந்தைகள் துயிலும் அறையிலும் நோயுற்றோர் அருகிலும் இரா முழுதும் மங்கிய ஒளி தருவதற்கென்றே இத்தகைய சிறு விளக்குகள் செய்யப்பட்டன. திரியை ஏற்றி இறக்கும் சக்கரத்தில் பொறித்துள்ள எழுத்துக்கள் பெரும்பாலும் பித்தளைப் பகுதியைச் செய்தவரையே குறிக்குமாதலால், அவற்றைக் கொண்டு கண்ணாடியின் பிறப்பிடத்தை நிர்ணயித்தல் தகாது. எளிதில் உடையும் மேற்கவிகைக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்திய விளக்குகள் மிகுதி. ஆகவே வண்ணத்திலும் பூவேலையிலும் அடிக்கலத்தோடு ஒத்த ஆதிக் கவிகை எஞ்சியிருப்பதே விலைமதிப்பைப் பிரதானமாக உயர்த்துவது. பிராங்க், ரூத் ஸ்மித் தம்பதியர் இத்தகைய சிறு விளக்குகளைப் பற்றி 1968-இல் வெளியிட்ட நூலின் வரிசையெண்களாலேயே சேகரிப்போர் இவற்றைக் குறிப்பிடுவது வழக்கம்.