பினாங்கில் பழைய கடைவீட்டில் ஓர் இரவு

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுன், 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குறைந்த செலவில் தங்க விரும்புவோர் பெரும்பாலும் சூலியா தெரு, லவ் லேன் பக்கம்தான் போகிறார்கள். சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர்.

இங்குள்ள மலிவு விடுதிகள் பல, பழைய சீனக் கடைவீடுகள். முகப்பு குறுகல், உள்ளே நீண்டுகொண்டே போகும். வாசலில் ஐந்தடி அகலத் தாழ்வாரம்; நடுவில் வானம் பார்த்த முற்றம். மழை பெய்தால் அதன் சத்தம் மாடிவரை கேட்கும். இந்த அமைப்பால் இடையில் உள்ள சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்வது மிக அவசியம். தனியாகச் செல்பவருக்குப் பொது அறையில் ஒரு படுக்கை போதும், செலவு இன்னும் குறையும்.

சுற்றிப் பார்க்கக் கால்களே போதும். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோவில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய சியூ குலத்தாரின் துறைமேடை வீடுகளை விட்டுவிடக் கூடாது. அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்வதால் வீட்டுக்குள் எட்டிப்பார்த்துப் படமெடுப்பது முறையல்ல.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார்: தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடியில் சுமந்து விற்ற சோறும் குழம்பும். பல குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்வதே இங்கு வழக்கம்.