மூச்சுத் திணறும்போது கைகொடுக்கும் இன்ஹேலர் எது?

ஆஸ்துமா உள்ளவர்களின் கைப்பையில் நீல நிற இன்ஹேலர் ஒன்று இருப்பதை நாம் பார்த்திருப்போம். அதில் உள்ள மருந்து பெரும்பாலும் சால்பியூட்டமால். இறுகிய மூச்சுக்குழாய்த் தசைகளைச் சில நிமிடங்களில் அது தளர்த்திவிடும். பயன் 4 முதல் 6 மணி நேரம் நீடிக்கும்.

இன்ஹேலர் என்றால் 'பழக்கமாகிவிடும்' என்று அஞ்சி, மாத்திரையே போதும் என்போர் நம்மிடையே பலர். கணக்குப் பார்த்தால் இந்த அச்சம் நிற்காது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவரும் மருந்து 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பதோ அதைப்போல் 40 மடங்கு! அது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சென்ற பின்னரே நுரையீரலை அடைகிறது. கைநடுக்கமும் படபடப்பும் அதனால் மிகுதி.

ஆயினும் சால்பியூட்டமாலுக்கும் ஒரு குறை உண்டு. ஆஸ்துமாவின் வேர், மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சி. அதை இம்மருந்து தணிப்பதில்லை. மூச்சு எளிதாகிவிடுவதால் நோயும் அடங்கியதாக எண்ணிவிடுகிறோம். உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும். இதனால்தான், 12 வயதுக்கு மேற்பட்டோர் சால்பியூட்டமாலை மட்டுமே நம்பியிருக்கலாகாது என 'ஜினா' என்னும் உலக ஆஸ்துமா வல்லுநர் அமைப்பு 2019இல் அறிவித்தது. புடெசோனைடு, ஃபார்மோட்டெரால் இரண்டும் சேர்ந்த இன்ஹேலரை அது பரிந்துரைக்கிறது. ஃபார்மோட்டெரால் விரைந்து மூச்சைத் திறக்கும். உடன் செல்லும் புடெசோனைடு அழற்சியைத் தணிக்கும். ஆனால் எல்லாக் கூட்டு மருந்துகளும் இதற்கு உதவா. சால்மெட்டெரால் கலந்தவை மெதுவாகவே வேலை செய்வதால் அவசரத்துக்கு ஆகா. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால், நிறத்தை நம்பாமல் உறையில் உள்ள மருந்தின் பெயரைப் படித்து வாங்குவதே முறை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

கருவியும் முக்கியம். பொடி மருந்தை உள்ளிழுக்க வேகமான ஆழ்ந்த மூச்சு தேவை. கடுமையான திணறலின்போது அது இயலாமற் போகலாம். அழுத்தி உறிஞ்சும் வகையோடு ஸ்பேசர் என்னும் குடுவையை இணைத்தால் சிறுவரும் முதியவரும் எளிதில் பயன்படுத்தலாம். குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, ஒருமுறை அழுத்தி, மெதுவாக உள்ளிழுத்து, இயன்றால் 10 விநாடி நிறுத்த வேண்டும்.

வங்கி இருப்பைப் பார்ப்பதுபோல் இன்ஹேலரின் இருப்பையும் பார்ப்பது நல்லது. எண்காட்டி உள்ளதை வாங்கினால் கவலையில்லை. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நம்பத்தக்கதன்று. 200 முறை அழுத்தக்கூடிய சால்பியூட்டமால் இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடும் திணறல் வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது. மருந்துக் கடைக்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்கவே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மருந்தை எடுத்துக்கொண்டே உடனடியாக மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.