பெயர் போனது, பொருள் போகவில்லை

இரவு பதினொன்றரைக்கு ஃபோன் அடித்தது. சர்வர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பையன்.

"அண்ணா, டிஸ்க் ஃபுல் ஆயிடுச்சு. பெரிய லாக் ஃபைல் ஒண்ணு இருந்துச்சு, அதை அழிச்சுட்டேன். அப்பவும் இடம் வர மாட்டேங்குது. ரீபூட் பண்ணிடவா?"

"வேண்டாம்பா. முதல்ல டிஎஃப் போட்டு என்ன வருதுன்னு படி. அப்புறம் ரூட்ல இருந்து டியூ போடு."

லினக்ஸில் டிஸ்க்கின் கணக்கைச் சொல்லும் கட்டளைகள் இவை இரண்டும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று டிஎஃப் கோப்பு முறைமையிடமே கேட்டுச் சொல்லும். டியூ அப்படியல்ல, ஒவ்வொரு அடைவுக்குள்ளும் நுழைந்து, கண்ணில் படும் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். பையன் படித்தான். டிஸ்க் 50 ஜிபி. டிஎஃப் கணக்கில் 100 சதவீதம் நிரம்பிவிட்டது. டியூ கூட்டியதோ வெறும் 13 ஜிபி.

அவனைக் குழப்பிய அந்த வித்தியாசமே எனக்கு விடையைச் சொல்லிவிட்டது. இரண்டு கட்டளையும் உண்மையைத்தான் சொல்கின்றன. பெயர் இல்லாத கோப்பு ஒன்று அந்த டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது. டியூ பெயரைப் பிடித்துக்கொண்டு போகிற கட்டளை. பெயரில்லாததை அதனால் எண்ண முடியாது.

பெயரில்லாமல் ஒரு கோப்பு இருக்க முடியுமா? முடியும். அதைப் புரிந்துகொள்ள 1969-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு அடித்தளம் போட்ட ஆண்டு அது. 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அந்த வழியில் வந்ததுதான். தாம்சனும் ரிச்சியும் எடுத்த முடிவுகளில் ஒன்று, கோப்பு வேறு, அதன் பெயர் வேறு என்பது.

ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்றொரு பதிவு உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், கடைசியாக மாற்றப்பட்ட நேரம், டிஸ்க்கில் தரவு எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். இருக்காத ஒன்று, பெயர். ஐநோட்டுக்கு இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்த 'ஐ' எதைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் கேட்டபோது ரிச்சிக்கே உறுதியாகத் தெரியவில்லை. 'இண்டெக்ஸ்' என்பதாக இருக்கலாம் என்றார்.

அப்படியானால் பெயர் எங்கே இருக்கிறது? அடைவில். நாம் ஃபோல்டர் என்று சொல்கிற அடைவு உண்மையில் ஒரு பெயர்ப் பட்டியல்: இன்ன பெயருக்கு இன்ன எண். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அந்தப் பட்டியலின் ஒரு வரிக்கு 16 பைட். எண்ணுக்கு 2, பெயருக்கு 14. கோப்பு அடைவுக்குள் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே இருப்பது அதன் பெயர் மட்டும்தான்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருப்பதுண்டு. பெயர் இரண்டானாலும் பிள்ளை ஒன்றுதான். கோப்பும் அப்படித்தான். எல்என் என்ற கட்டளையால் ஒரே ஐநோட்டுக்கு இன்னொரு பெயர் சூட்டலாம். எது அசல், எது நகல் என்ற பேச்சே அங்கு இல்லை. இரண்டும் சம உரிமையுள்ள பெயர்கள். எல்எஸ் கட்டளையை நீள வடிவில் போட்டால், அனுமதி எழுத்துகளை அடுத்து ஒரு சிறிய எண் நிற்கும். பல ஆண்டுகள் லினக்ஸில் புழங்கியவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. இந்தக் கோப்புக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று சொல்லும் எண் அது.

இப்போது பையன் செய்ததைப் பார்க்கலாம். அவன் பயன்படுத்திய ஆர்எம் கட்டளை, உள்ளே இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கும் வேலையின் பெயர் 'அன்லிங்க்'. அழி என்று அது கேட்பதில்லை; பட்டியலிலிருந்து இந்தப் பெயரை எடுத்துவிடு என்றுதான் கேட்கிறது. கெர்னல் பெயரை எடுத்து, பெயர்க் கணக்கில் ஒன்றைக் குறைக்கும். அது பூஜ்யம் ஆனாலும் உடனே தரவில் கை வைத்துவிடாது. அதனிடம் இன்னொரு கணக்கும் இருக்கிறது: இந்தக் கோப்பை இப்போது எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள்? இரண்டு கணக்கும் பூஜ்யம் ஆனால்தான் இடம் விடுபடும்.

அந்த சர்வரில் ஓடிக்கொண்டிருந்த நிரல் லாக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தது. பெயர் போனது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தேவையில்லை, அது பிடித்திருப்பது பெயரை அல்ல.

"எல்எஸ்ஓஎஃப் கட்டளை போடு. பெயர்க் கணக்கு ஒன்றுக்குக் கீழே இருக்கிற கோப்புகளை மட்டும் கேள்."

பர்டூ பல்கலைக்கழகத்தில் விக் ஏபெல் எழுதிய கருவி அது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும். ஒரே ஒரு வரி வந்தது. கோப்பின் பழைய பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'டெலீட்டட்', அளவு 34 ஜிபி. எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அண்ணா, இது இன்னும் இங்கதான் இருக்கு!" என்றான்.

லாக்கை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்துகொள் என்று அந்த நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பச் சொன்னேன். பிடி விட்டது, டிஎஃப் கணக்கு இறங்கியது. ரீபூட் செய்திருந்தாலும் இடம் கிடைத்திருக்கும். ஆனால் சர்வரை நம்பியிருந்தவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டி வந்திருக்கும், அவனும் ஏன் என்று தெரியாமலே தூங்கப் போயிருப்பான்.

இதை யூனிக்ஸின் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. விண்டோஸில் திறந்திருக்கும் கோப்பை அழிக்கப் போனால், வேறொரு நிரல் பயன்படுத்துகிறது என்று பெரும்பாலும் மறுத்துவிடும். லினக்ஸ் மறுப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலையோ அது நம்பியிருக்கும் நூலகக் கோப்பையோ அப்படியே புதுப்பிக்க முடிவது இதனால்தான். பழைய பெயரைப் புதிய கோப்பு எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஓடுகிற நிரல், பெயரிழந்த பழையதை வைத்து வேலையைத் தொடரும். பாதுகாப்புத் திருத்தம் நிறுவியபின் சம்பந்தப்பட்ட சேவைகளை மறுபடி தொடங்கச் சொல்வதற்குக் காரணமும் இதுவே. டிஸ்க்கில் புதியது வந்திருந்தாலும், நிரலின் கையில் இருப்பது ஓட்டையுள்ள பழையதுதான்.

சில நிரல்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்யும். தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அதன் பெயரை நீக்கிவிட்டு, பெயரில்லாமலே பயன்படுத்தும். நிரல் பாதியில் செத்துப்போனாலும் குப்பை மிஞ்சாது. பிடி விட்டதும் கெர்னலே துடைத்துவிடும்.

புதியவர்கள் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. எழுதும் அனுமதியே இல்லாத கோப்பை எப்படி அழிக்க முடிந்தது? அழிப்பது என்றால் அடைவின் பட்டியலில் ஒரு வரியை எடுப்பது. அதற்கு அடைவில் எழுத அனுமதி வேண்டும். கோப்பின் அனுமதிக்கு அங்கே வேலையில்லை.

உதவி கேட்டு வருகிறவர்களிடம் கட்டளையை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராதது இதனால்தான். கட்டளை அன்றைய இரவைத் தீர்க்கும். பெயர் வேறு, கோப்பு வேறு என்ற ஒன்று மனதில் பதிந்துவிட்டால், இதுவரை கண்டிராத சிக்கலிலும் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

சில வாரங்கள் கழித்து அதே பையன் கூப்பிட்டான். இந்த முறை பகலில். உடன் வேலை செய்யும் பெண் ஒரு முக்கியமான அமைப்புக் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டாளாம், நகலும் இல்லையாம்.

"அப்புறம்?"

"யாரும் எதையும் மூடாதீங்கன்னு சொன்னேன் அண்ணா. இன்னொரு டெர்மினல்ல அவங்க அந்த ஃபைலை லெஸ் கமாண்ட்ல திறந்து படிச்சுட்டு இருந்திருக்காங்க. அந்த லெஸ்ஸோட ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடிச்சு, ப்ராக் அடைவுக்குள்ள போய், அது பிடிச்சு வச்சிருந்ததை வெளியே காப்பி பண்ணிட்டேன். ஒரு எழுத்துகூடப் போகலை."

ஓடும் நிரல்கள் எதைத் திறந்து வைத்திருக்கின்றன என்று காட்டும் அந்த ப்ராக் அடைவைப் பற்றி நான் அவனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. யாரோ ஒருவர் கையில் அது இன்னும் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மிச்சத்தை அவனே தேடிப் போயிருக்கிறான்.