உம்மம்மாவின் மருந்துக் குப்பிக்குள் பளிங்குகள்

எங்கள் உம்மம்மா காலையும் இரவும் இன்சுலின் போடுகிறவர். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைப்பதுதான் வழக்கம். ஒருநாள் அங்கே இடமில்லையென்று நான் அதை மேலே ஐஸ் தட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் உறைந்து கிடந்தது. வெளியே வைத்ததும் உருகியது. ஆனால் பழைய பால் நிறம் வரவில்லை. அடியில் கட்டி கட்டியாக ஏதோ படிந்திருந்தது. பக்கத்து வீட்டு மாமி மருத்துவத் தாதி. “இத வீசுங்க மகள், இனிச் சரிவராது” என்றார்.

அந்தப் பால் நிறம் என்னவென்று அப்போதுதான் தேடிப் பார்த்தேன். அது எண்ணற்ற நுண்பளிங்குகள்! இன்சுலின் ஒரு புரதம். சிறிதளவு நாகமும், மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற இன்னொரு புரதமும் சேர்ந்தால் அது பளிங்காகிறது. தோலுக்கடியில் அந்தப் பளிங்கு மெல்ல மெல்லக் கரைவதால் மருந்து பல மணித்தியாலம் நின்று வேலை செய்கிறது. (தெளிவாகவே இருக்க வேண்டிய இன்சுலின் வகைகளும் உண்டு. அவை கலங்கினால் பாவிக்கக்கூடாது. பெற்றோர் இதைக் கவனிக்கவும்.)

முகத்துவாரத்தில் கடலோர வீடுகளின் ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெறும் வெள்ளைப் படிவு. ஒரு கோப்பை உப்பு நீரை நிழலில் நாட்கணக்காக விட்டால் சதுரம் சதுரமான பளிங்கு. புரதமும் அப்படித்தான், பிடிவாதம் மட்டும் மிக அதிகம். பென்னம்பெரிய மூலக்கூறுகள் எல்லாம் தொழுகையில் ஸஃப் கட்டி நிற்பதுபோல ஒரே ஒழுங்கில் நிற்க வேண்டுமே!

ஆய்வுகூடத்தில் புரதக் கரைசலில் ஒரு துளியையும் உப்புக் கரைசலில் ஒரு துளியையும் கண்ணாடித் தகட்டில் கலப்பார்கள். தகட்டைக் கவிழ்த்து, அதே உப்புக் கரைசல் உள்ள சிறு கிண்ணத்தின் மேல் காற்றுப் புகாதபடி மூடுவார்கள். தொங்கும் துளியின் நீர் ஆவியாகிக் கீழே போகப் போகப் புரதம் செறிவடையும். அவசரப்பட்டால் மாவுபோல் படியும். பளிங்கு வரச் சில நாள் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். ஒன்றுமே வராமலும் போகலாம்.

இத்தனை பாடு ஏன்? ஒற்றை மூலக்கூறு சிதறடிக்கும் எக்ஸ் கதிர் மிக மங்கலானது. கோடிக்கணக்கானவை வரிசையில் நின்றால் அது வலுப்பட்டு, அணுக்கள் இருக்குமிடத்தைக் கணிக்க உதவும். டொரதி ஹொட்ஜ்கின் இன்சுலின் பளிங்கை 1935 இல் எக்ஸ் கதிரால் படமெடுத்தார். அதன் கட்டமைப்புத் தெரியவந்தது 1969 இல், 34 வருடங்கள்! ஒக்ஸ்பேர்ட்டில் அவருடைய குழுவில் இருந்த இந்தியர் எம். விஜயன். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய குழு கச்சானிலும் பலாக்கொட்டையிலும் உள்ள புரதங்களைப் பளிங்காக்கி, அவற்றின் வடிவத்தைக் கண்டது. நாம் அவித்துத் தின்னும் பலாக்கொட்டைதான்.

எக்ஸ் கதிருக்குப் பெரிய பளிங்கு தேவை. சிறியவற்றை முன்பெல்லாம் தோல்வியென்று ஒதுக்கினார்கள். இலத்திரன்களோ பொருளோடு மிக வலுவாக மோதுபவை. பளிங்கு தடித்தால் அவை ஊடுருவா. ஒரு மில்லிமீற்றரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே போதும். 2013 இல் அமெரிக்காவில் தாமிர் கோனனின் குழு முட்டை வெள்ளைக்கருவில் உள்ள இலைசோசைம் புரதத்தின் நுண்பளிங்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து அதன் கட்டமைப்பைக் கண்டது.

அங்கேயும் பளிங்கை உறைய வைக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்கு எங்கள் ஐஸ் தட்டு ஞாபகம் வந்தது. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. மெதுவாக உறையும் நீர் தானே பனிப்பளிங்காகி, புரதப் பளிங்கைச் சிதைத்துவிடும். அவர்கள் மிகக் குளிர்ந்த திரவ ஈதேனில் கண்ணிமைக்கும் நேரத்தில் அமிழ்த்துவதால், நீருக்கு வரிசை கட்ட அவகாசமே கிடைப்பதில்லை; கண்ணாடிபோல் அப்படியே இறுகிவிடும்.

புதுக் குப்பி இப்போது கதவில்தான் இருக்கிறது. உம்மம்மா ஊசி போடுமுன் அதை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து மெதுவாக உருட்டிக் கொடுப்பது என் வேலை.