பெயர் நிலைத்தது, பட்டம் மறைந்தது

சிங்கப்பூர் வரலாற்றைப் புரட்டினால் முதலில் எதிர்ப்படுபவர் சர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். 1817இல் அவருக்குக் கிடைத்த அந்த 'சர்' 1826இல் அவரோடு முடிந்தது. ஆனால் தந்தைக்குப் பின் மகனுக்குச் செல்லும் 'சர்' ஒன்றும் உண்டு. அதன் பெயர் பேரோனட். 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் தொடங்கியது. பெறுபவர் 30 வீரர்களை மூன்றாண்டு பராமரிக்கும் செலவாக 1,095 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. காசுக்கு வாங்கிய கௌரவம் என்று சொன்னால் தவறில்லை!

இத்தகைய பட்டம் எப்படி அற்றுப்போகிறது? பக்கிங்காம்ஷயரில் கிளேடன் மாளிகையை ஆண்ட வெர்னி குடும்பத்தின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு இது விளங்கிற்று. 1642இல் எட்ஜ்ஹில் போரில் மன்னரின் கொடியைத் தாங்கி மாண்டவர் சர் எட்மண்ட் வெர்னி. அவர் மகன் ரால்ஃப் 1661இல் பேரோனட் ஆனார். அடுத்த தலைமுறைகள் 1703இல் வைகவுண்ட் ஃபெர்மனா, 1743இல் ஏர்ல் வெர்னி என்று உயர்ந்தன.

இந்தப் பட்டங்களுக்கு ஆண் வழி வாரிசு மட்டுமே உரியவர். முதல் ஏர்லின் மூத்த மகன் 1737இல் இறந்தார். அவருக்கு இருந்தது மேரி என்ற மகள் மட்டுமே. ஆகவே 1752இல் பட்டம் இளைய மகன் ரால்ஃபுக்குப் போயிற்று. அவர் மாளிகை கட்டுவதில் பணத்தை வாரி இறைத்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளிலும் பெருந்தொகை போட்டார். 1769இல் ஹைதர் அலியுடனான போர்ச் செய்தி லண்டனை எட்டியதும் பங்கு விலை சரிந்தது. வெர்னியின் செல்வமும் சரிந்தது. நம் ஊர்ப் போர் ஒன்று எங்கோ இருக்கும் இங்கிலாந்துப் பிரபுவைக் கடனாளி ஆக்கியிருக்கிறது!

1791இல் அவர் பிள்ளையின்றி இறக்க, எல்லாப் பட்டங்களும் ஒரே நாளில் அழிந்தன. வீடும் நிலமும் மேரிக்கு வந்தன, பட்டம் வரவில்லை. 1792இல் அவருக்கென்றே புதிதாக 'ஃபெர்மனா சீமாட்டி' பட்டம் உருவாக்கினார்கள். அவர் மணமாகாமல் 1810இல் இறந்ததும் அதுவும் போயிற்று. சித்தப்பா கட்டியதில் பெரும்பகுதியை அவர் இடித்துவிட்டிருந்தார்.

பின்னர் சொத்து உறவினர் கைக்கு மாறி, 1827இல் சர் ஹாரி கால்வர்ட்டிடம் வந்தது. அவர் தம் குடும்பப் பெயரை வெர்னி என்று மாற்றிக்கொண்டார். பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்காவை மணந்தவர் இவரே. பெயரை மாற்றிக்கொள்ள முடிந்தது. அழிந்த பட்டத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய 'சர்', 1818இல் அவர் தந்தை கால்வர்ட் பெற்றது.